தொண்டை அடைப்பான் வந்த வீடு

குரல் முழுதாகத் திரும்பும் வரை அதிகம் பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். காசிமேட்டில் என்னைப் பார்க்கிறவர்களோ, "இன்னா ஏழுமலை, இன்னா ஆச்சு உனக்கு?" என்று கேட்காமல் விடுவதில்லை. மீன் ஏலம் விட்டுப் பிழைக்கிறவனிடம் பேசாதே என்றால் கஷ்டம்தான். நான் பாதி சொல்ல, கேட்டவர்கள் மீதியைத் தாங்களே போட்டுக்கொள்ள, எனக்குத் தொண்டையில் புற்றுநோய் என்று ஒரு பேச்சும், ஏதோ கப்பலிலிருந்து வந்த புது வியாதி என்று ஒரு பேச்சும் கிளம்பிவிட்டன. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

தொண்டை வலியில்தான் ஆரம்பித்தது. ஏலக்காரனுக்குத் தொண்டை வலிப்பது ஒரு செய்தியே இல்லை. உப்புத் தண்ணீர் கொப்பளித்தேன். மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டேன். காய்ச்சல் பெரிதாக இல்லை, ஆனால் உடம்பை யாரோ பிழிந்து காயப்போட்ட மாதிரி ஓர் அசதி. பிறகு எச்சில் விழுங்கவே முடியவில்லை. கழுத்து இரண்டு பக்கமும் வீங்கி, தாடைக்கும் தோளுக்கும் நடுவில் கழுத்து என்று ஒன்று இருந்த அடையாளமே போய்விட்டது.

என் மனைவி கோமதி அதைப் பொன்னுக்கு வீங்கி என்றே நினைத்தாள். தன் செயினைக் கழற்றி என் கழுத்தில் போட்டுப் பார்த்தாள். அது முழுதாகச் சுற்றி வரவில்லை. "இது வேற இன்னாமோய்யா, கெளம்பு" என்று ஆட்டோ பிடித்தாள்.

ராயபுரத்தில் காது, மூக்கு, தொண்டை பார்க்கும் ஒரு டாக்டர் டார்ச் அடித்து என் வாய்க்குள் பார்த்தார். வழக்கமாக ஒரு நொடி பார்த்துவிட்டு மருந்து எழுதுகிறவர் அன்று பார்த்துக்கொண்டே இருந்தார். பஞ்சு சுற்றிய குச்சியால் உள்ளே ஓர் இடத்தைத் தொட்டார். ரத்தம் கசிந்தது. பின்னால் நகர்ந்து முகக்கவசம் மாட்டிக்கொண்டார்.

"வீட்ல சின்னக் குழந்தைங்க இருக்கா?" என்று கேட்டார். எனக்கு என்ன வியாதி என்று சொல்வதற்கு முன்னால் அவர் கேட்டது அதைத்தான்.

இருந்தார்கள். எங்கள் வீட்டு மாடியில் என் தங்கச்சி தேவி குடியிருக்கிறாள். அவள் புருஷன் சரவணன் எண்ணூர் துறைமுகத்துக்கு கன்டெய்னர் லாரி ஓட்டுகிறான். பெரியவன் கிஷோருக்கு ஐந்து வயது. சின்னவள் யாழினிக்கு இன்னும் ஒரு வயது ஆகவில்லை. காலையில் மார்க்கெட்டிலிருந்து வந்ததும் அவளைத் தூக்கி என் வயிற்றில் உட்கார வைத்துக்கொண்டால்தான் எனக்குத் தூக்கமே வரும்.

தொற்றுநோய்களுக்கென்று இருக்கும் அரசு மருத்துவமனைக்கு உடனே போகச் சொன்னார். அங்கே என்னைத் தனி அறையில் படுக்க வைத்தார்கள். டாக்டர் நஸ்ரீன் வந்து தொண்டையில் பஞ்சுக் குச்சியால் சாம்பிள் எடுத்தார். வண்ணாரப்பேட்டைக்காரர், சின்ன வயது. என்ன வியாதி என்று கோமதி கேட்டபோது, "தொண்டை அடைப்பான் மாதிரி இருக்கு. டிப்தீரியான்னு சொல்வாங்க. ரிசல்ட் வர்ற வரைக்கும் காத்திருக்காம இப்பவே வைத்தியம் ஆரம்பிச்சுடணும்" என்றார்.

அடுத்த ஒரு மணி நேரத்தில் நான் ஒரு காட்சிப் பொருள் ஆகிவிட்டேன். பயிற்சி டாக்டர்கள் ஒவ்வொருவராக முகக்கவசத்தோடு வந்து, "அண்ணா, ஒரே ஒரு தடவை வாயத் தொறங்க" என்றார்கள். ஒரு பெண் பார்த்துவிட்டு, "சாரிண்ணா, நாங்க இத புக்லதான் பாத்திருக்கோம்" என்றாள். பயத்தில் கிடந்த எனக்கு அந்த நேரத்திலும் ஒரு கேள்வி வந்தது. டாக்டருக்குப் படிக்கிறவர்களே பார்த்திராத வியாதி ஒரு மீன்காரனைத் தேடி எப்படி வந்தது?

டாக்டர் நஸ்ரீனிடம் கேட்டேன். குரல் காற்றாகத்தான் வந்தது. ஆனால் அவர் கட்டில் பக்கத்தில் நின்று நிதானமாகச் சொன்னார். யாரோ இருமியதிலோ தும்மியதிலோ வந்திருக்கும், யாரென்று கண்டுபிடிப்பது கஷ்டம். இந்தக் கிருமி தொண்டையிலேயே உட்கார்ந்துகொள்ளும். அதன் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் படரும், தோல் மாதிரி. வெளிநாட்டு மொழி ஒன்றில் தோலைக் குறிக்கும் சொல்லிலிருந்துதான் அந்த ஆங்கிலப் பெயரே வந்ததாம். படலம் வளர்ந்தால் மூச்சு அடைக்கும். அது ஓர் ஆபத்து. இன்னொன்று, கிருமி உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு விஷத்தை ரத்தத்தில் கலக்கும். அது இதயத்தையும் நரம்பையும் பிடிக்கும்.

"ஆன்டிபயாடிக் கிருமியக் கொல்லும். ஏற்கனவே வெளிய வந்த விஷத்த அது ஒண்ணும் பண்ணாது. அதுக்கு முறிவு மருந்து வேணும்" என்றார்.

அந்த மருந்து வேறு இடத்திலிருந்து வர வேண்டியிருந்தது. தேவைப்படுகிறவர்கள் குறைந்துபோனதால் அதைத் தயாரிக்கிற இடங்களும் குறைவு, எல்லா ஊரிலும் இருப்பு இருப்பதில்லை. ஒரு வியாதியைத் தடுப்பூசி விரட்டிவிட்டால் அதற்கான வைத்தியமும் மெல்ல மறைந்துபோகும் என்று நான் யோசித்ததே இல்லை. கோமதி வராந்தாவில் உட்கார்ந்து, கதவு திறக்கும் போதெல்லாம் எழுந்து நின்றாள். என் மூச்சு விசில் மாதிரி சத்தம் போட்டது. அந்தச் சத்தம் எனக்கே கேட்டதுதான் எல்லாவற்றிலும் பெரிய பயம்.

மருந்து வந்தது. முதலில் தோலுக்கடியில் ஒரு துளி போட்டுக் காத்திருந்தார்கள். உடம்பு ஏற்றுக்கொள்கிறதா என்று பார்க்கத்தான். ஏனென்றால் அது குதிரையின் ரத்தத்திலிருந்து எடுத்தது. குதிரைக்கு அந்த விஷத்தை, வீரியம் குறைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பார்களாம். குதிரையின் உடம்பு முறிவைத் தயாரிக்கும். அதைப் பிரித்தெடுத்துத்தான் நமக்கு ஏற்றுகிறார்கள். இது வருவதற்கு முன்னால் இந்த வியாதிக்கென்றே குழந்தைகள் வார்டு நிரம்பிக் கிடக்குமாம்.

"குதிரையா?" என்றாள் கோமதி. "ஏம்மா, ஆட்டுக்கறி கூட ஒத்துக்காது இவருக்கு."

நஸ்ரீன் சிரித்துவிட்டார். எனக்கு ஒத்துக்கொண்டது.

அதன் பிறகு என்னைக் கட்டிலை விட்டு இறங்க விடவில்லை. எழுந்து நாலு எட்டு வைத்தாலே இதயம் நின்றுவிடக்கூடும் என்றார்கள். எல்லாமே படுத்தபடிதான். தினமும் நெஞ்சில் ஒயர்களை ஒட்டி ஈசிஜி எடுத்தார்கள். காகிதத்தில் வரும் கோட்டை நான் என் பக்கம் திருப்பிப் பார்ப்பேன். ஒன்றும் புரியாது. நர்ஸின் முகம் புரியும்.

வெளியே, எங்கள் தெருவில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. சுகாதார நிலையத்திலிருந்து ஆட்கள் வந்து எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தொண்டையில் சாம்பிள் எடுத்தார்கள். குழந்தைகள் உட்பட எல்லோருக்கும் மருந்து கொடுத்தார்கள். தெருவில் பந்தல் போட்டு, சுற்றுவட்டாரத்தில் விட்டுப்போனவர்களுக்குத் தடுப்பூசி போட்டார்கள். கோமதி ஜன்னல் வழியாக எனக்கு எல்லாவற்றையும் சொல்வாள். சிலர் வரிசையில் வந்து நின்றார்களாம். சிலர் கதவைச் சாத்திக்கொண்டார்களாம். "கொரோனா ஊசி போட்டதுலேந்துதான் எல்லாரும் பொட்டு பொட்டுனு வுயுறாங்க, இதுல இது வேறயா" என்று ஒருவர் சத்தம் போட, "அந்த ஊசி போட்டுகினுதான் நீயே நின்னு பேசினுகீற" என்று இன்னொருவர் எகிற, கைகலப்பு வரைக்கும் போய்விட்டதாம். குழாயடியில் கோமதியைக் கண்டதும் பெண்கள் குடத்தை நகர்த்தி வைத்தார்கள். அதை மட்டும் அவள் சிரிக்காமல் சொன்னாள்.

"சரவணன் போட்டானா?" என்று கேட்டேன்.

"அவரு போட்டுகினாரு. கிஷோருக்குப் பாக்கி இருந்ததையும், பாப்பாவுக்கும் வேணான்னுட்டாரு. தேவி அயுது."

கிஷோருக்கு ஒன்றரை வயதில் ஊசி போட்ட அன்று வலிப்பு வந்தது எனக்குத் தெரியும். நான் அப்போது மார்க்கெட்டில் இருந்தேன். அதற்குப் பிறகு சரவணன் பிள்ளைகளை ஊசிப் பக்கமே கொண்டு போகவில்லை. யாழினிக்குப் பிறந்ததிலிருந்து எதுவும் போடவில்லை. இதைப் பற்றி வீட்டில் பேச்செடுத்தால் அவன் எழுந்து போய்விடுவான். ஆனால் கொரோனா ஊசியை அவனே போட்டுக்கொண்டான். துறைமுக கேட்டில் ஊசி போட்ட சான்றிதழ் கேட்டார்கள். "நான் பெரியவன், எனக்கு இன்னா ஆனா இன்னா" என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது.

மறுநாள் மதியம் அவனே என்னைப் பார்க்க வந்தான். ஜன்னல் கம்பிக்கு வெளியே முகக்கவசத்தோடு நின்றான். கண் சிவந்திருந்தது.

"பாப்பாவுக்கு மூக்கு ஒழுவுது மச்சான்" என்றான். "சாம்பிள் ரிசல்ட் இன்னும் வரல."

நான் கையை அசைத்தேன். அவளைத் தினமும் மடியில் வைத்துக்கொண்டிருந்தவன் நான்தான்.

"நீ இன்னா நெனக்கிறன்னு தெரியும்" என்றான். "எல்லாரும் என்ன முட்டாளுங்கிறாங்க. அன்னிக்கு நீ பாக்கல மச்சான். ஊசி போட்டுகினு வந்தோம். சாயங்காலம் புள்ளைக்குக் கண்ணு மேல சொருவிக்கிச்சு. கையும் காலும் வெட்டி வெட்டி இயுக்குது. யாரோ சாவிக்கொத்த கையில குடுக்கிறாங்க. செத்துட்டான்னே நெனச்சேன். அப்பால போய்க் கேட்டா, ஊசிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. நான் கண்ணால பாத்தேன். கண்ணால பாத்தத இல்லன்றவங்க, மத்தது சொன்னா மட்டும் எப்படி நம்புறது?"

அந்த வலிப்புக்குப் பிறகுதான் அவன் போனில், ஊசியே ஆபத்து என்று சொல்லும் வீடியோக்கள் வர ஆரம்பித்தன. ஒன்றைப் பார்த்தால் அதே மாதிரி பத்து வருகிறது. தன் கண் பார்த்ததை ஒப்புக்கொண்டவர்கள் அந்த வீடியோக்காரர்கள் மட்டும்தான் என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது. படுத்துக் கிடந்த எனக்கு அது அன்றைக்குத்தான் விளங்கியது.

அன்று சாயங்காலம் நஸ்ரீன் வந்தபோது, "டாக்டரம்மா, ஊசி போட்டா வலிப்பு வருமா?" என்று நேராகக் கேட்டேன். இல்லை என்று சொல்வார் என்றுதான் எதிர்பார்த்தேன்.

"சில குழந்தைங்களுக்கு வரும்" என்றார்.

காரணமும் சொன்னார். ஊசி போட்டால் காய்ச்சல் வரும். காய்ச்சல் ஏறும்போது சில குழந்தைகளுக்கு வலிப்பு வரும். வேறு எந்தக் காய்ச்சலிலும் அதே குழந்தைக்கு வரலாம். பார்க்கப் பயங்கரமாக இருக்கும், பெரும்பாலும் தானாக நின்றுவிடும், மூளையில் எதையும் விட்டுவைத்துப் போகாது. "அந்தப் பையன் இப்ப எப்படி இருக்கான்?" என்று கேட்டார். "தெருவையே கலக்கறான்" என்றேன். "அவங்கப்பாவ வரச் சொல்லுங்க. நானே பேசறேன்" என்றார்.

அந்த நாட்களில் எனக்கு வேறு வேலை இல்லை. போனில் தடுப்பூசியின் பழங்கதையை நிறையப் படித்தேன். ஐஸ் இல்லாமல் ஒரு கூடை மீனைக்கூட மார்க்கெட்டில் நிறுத்த முடியாது. அப்படியிருக்க, ஐஸே இல்லாத காலத்தில் பெரியம்மை மருந்து கடல் தாண்டி எப்படி வந்தது என்பது எனக்குப் பெரிய புதிராக இருந்தது. நஸ்ரீனுக்கு அந்தக் கதை தெரிந்திருந்தது. குழந்தைகளின் கையில் வைத்துக் கொண்டுவந்தார்களாம். ஒரு குழந்தையின் கையில் மருந்தைக் கீறி வைப்பார்கள். அங்கே கொப்புளம் எழும்பும். அது ஆறுவதற்குள் அதன் நீரை எடுத்து அடுத்த குழந்தைக்கு. இப்படிக் கையிலிருந்து கைக்கு, ஊரிலிருந்து ஊருக்கு.

"ஜனங்க ஒத்துக்கிட்டாங்களா?" என்றேன்.

"எங்க ஒத்துக்கிட்டாங்க? அம்மன் வந்திருக்கும்போது ஊசியான்னு சிலர். யார் வீட்டுப் பிள்ளையோட நீரோ, அத என் பிள்ளைக்கா, அப்படின்னு சிலர். அந்தப் பயத்துல கொஞ்சம் நியாயமும் இருந்துச்சு. சில சமயம் அந்த நீரோட வேற வியாதியும் சேர்ந்து போச்சு. அதத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் அப்புறம் முறையையே மாத்தினாங்க."

அதன் பிறகு நான் எல்லோருடைய தோளையும் பார்க்க ஆரம்பித்தேன். என் அம்மாவின் கையில் காசு அளவுக்கு இரண்டு தழும்புகள் இருந்தன. அம்மை குத்தினது என்பாள். என் கையில் அது இல்லை, காசநோய்க்குப் போட்ட சின்னத் தழும்புதான் இருக்கிறது. கிஷோருக்கும் அதே. பெரியம்மைத் தழும்பு ஒரு தலைமுறையோடு நின்றுவிட்டது. அந்த வியாதி உலகத்திலேயே இல்லாததால் குத்துவதையே நிறுத்திவிட்டார்கள். ஒரு நோய் ஒழிந்ததை மனிதர்களின் தோளைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

சரவணன் இரண்டு நாள் கழித்து வந்தான். நஸ்ரீன் அவனை வராந்தாவில் உட்கார வைத்துப் பேசினார். ஜன்னல் திறந்திருந்ததால் எனக்குக் கேட்டது.

"அப்ப ஊசியாலதான் வந்துச்சா?" என்றான்.

"ஊசியால காய்ச்சல். காய்ச்சலால வலிப்பு. ஆமா."

"இத அன்னிக்கே யாராவது சொல்லிருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான்.

"சொல்லியிருக்கணும்" என்றார் நஸ்ரீன். "மன்னிச்சிருங்க."

"பாப்பாவுக்கும் வருமா?"

"வரவே வராதுன்னு என்னால சொல்ல முடியாது. வாய்ப்பு கம்மி. வந்தா என்ன செய்யணும்னு சொல்லித் தரேன். ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும், வாயில எதையும் திணிக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வரணும்." பிறகு மெதுவாகச் சொன்னார். "உங்க மச்சானுக்கு மூச்சுக்குழாய் இவ்வளவு அகலம். அதுலயே விசிலடிச்சுது." கட்டை விரலைக் காட்டினார். அடுத்து தன் சுண்டு விரலைக் காட்டினார்.

அவன் எழுந்து, என்னைப் பார்க்காமலேயே போய்விட்டான்.

யாழினியின் சாம்பிளில் கிருமி இல்லை என்று தெரிந்த அன்று என் ஈசிஜி மாறியது. நர்ஸ் காகிதத்தை எடுத்துக்கொண்டு ஓடியதைப் பார்த்தேன். விஷத்தில் கொஞ்சம், முறிவு மருந்து வருவதற்கு முன்பே இதயத்தைப் பிடித்துவிட்டிருந்தது. என்னை மானிட்டர் இருக்கும் அறைக்கு மாற்றினார்கள். கோமதிக்கு உள்ளே வர அனுமதி கொடுத்தார்கள். அவ்வளவு எளிதாக அனுமதி கொடுத்ததில்தான் எனக்கு நிலைமை புரிந்தது. அவள் என் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நடுவில் ஒரு முறை மட்டும், "நீ போனா நானே மார்க்கெட்ல ஏலம் வுடுவேன், பாத்துக்கோ" என்றாள். சிரித்தால் இதயத்துக்கு ஆகாது என்று சைகையால் சொன்னேன்.

இதயம் மெல்ல மெல்லச் சரியான தாளத்துக்கு வந்தது. ஆனால் கொஞ்ச நாளில் இன்னொரு வேடிக்கை. தண்ணீர் குடித்தால் மூக்கு வழியாக வந்தது. அண்ணத்தின் நரம்பு தளர்ந்துவிட்டதாம். பேசினால் எல்லாம் மூக்கால் வந்தது. இது தானாகத் திரும்பும், பொறுமை வேண்டும் என்றார் நஸ்ரீன். கஞ்சியைக் கெட்டியாக்கி, தலையைக் குனிந்து விழுங்கக் கற்றுக்கொண்டேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது, "வியாதி வந்து போயிடுச்சே, இனிமே வராது இல்ல?" என்று கேட்டேன்.

"இதுல அப்படி இல்ல. ஆளையே கொல்ற அளவு விஷம் கூட, உடம்புக்கு அத எதிர்க்கப் பாடம் சொல்லித்தர பத்தாது. நீங்களும் ஊசி போட்டுக்கணும்" என்றார். சின்ன வயதில் எனக்குப் போட்டார்களா என்று சொல்ல இப்போது யாரும் இல்லை. போட்டிருந்தாலும் அதன் பலம் வருஷங்களில் தேய்ந்துவிடுமாம். முதல் ஊசியை அங்கேயே போட்டு அனுப்பினார்கள்.

வீட்டில் சரவணன் என்னிடம் ஊசியைப் பற்றி எதுவும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. ஒரு நாள் காலையில் லாரிக்குப் போகாமல், யாழினிக்குச் சட்டை மாட்டித் தூக்கிக்கொண்டு மாடியிலிருந்து இறங்கினான். பின்னாலேயே கிஷோரின் கையைப் பிடித்துக்கொண்டு தேவி. "ஹெல்த் சென்டருக்கு" என்று மட்டும் சொன்னான்.

சாயங்காலம் பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. சரவணன் அவளை மார்பில் போட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தான். மருந்து கொடுத்தாகிவிட்டது. தேவி ஈரத்துணியால் துடைத்தாள். அவன் குழந்தையின் கண்ணையே பார்த்தான். அவள் கண்ணை மூடினால் உலுக்கினான், திறந்தால் மூச்சு விட்டான். வலிப்பு வரவில்லை. காய்ச்சல் இறங்கி, அவள் எழுந்து தோசை கேட்டுக் கை நீட்டியபோது, அவன் அவளை என் மடியில் வைத்துவிட்டு எழுந்தான்.

"அடுத்த தபா நீ தூக்கினு போ மச்சான்" என்றான். "என்னால இன்னொரு தபா பாக்க முடியாது."

ஒரு மாதம் கழித்து நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். என் இரண்டாவது ஊசியும் அவளுடைய இரண்டாவது ஊசியும் ஒரே நாளில் விழுந்தன. சுகாதார நிலையத்து நர்ஸ், "யாருக்கு மொதல்ல?" என்று கேட்டார்.

"எனக்குப் போடும்மா. அவ பாக்கட்டும்."

ஊசி ஏறும்போது யாழினி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சிரித்து வைத்தேன். அவளும் சிரித்தாள். தன் முறை வந்ததும் அந்தச் சிரிப்பெல்லாம் எங்கே போயிற்றோ, கூரை எகிற அழுதாள்.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. எண்ணூர் ரோட்டில் லாரி வரிசையில் நின்றுகொண்டு சரவணன் கூப்பிட்டிருந்தான்.

"போட்டாச்சா?"

பதில் சொல்லாமல் போனைக் குழந்தையின் பக்கம் நீட்டினேன். அவன் லாரிக்குப் பின்னாலிருந்து ஏதோ வண்டி ஹாரன் அடித்தது. அவன் நகரவில்லை போலிருக்கிறது, மறுபடியும் அடித்தது.

"அயுவட்டும்" என்றான் கடைசியாக. "நல்லா அயுவட்டும்."